நான் தொடல

பாட்டில் மேசையை விட்டு எழும்பவில்லை.

அரை லிட்டர் தண்ணீர்தான். லூர்துராஜின் வலது கை அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. பிடித்ததோடு சரி.

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது.

பழைய ஜிம் கூட்டாளியான அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. இந்தக் கை நுழையவில்லை என்றுதானே ஒரு காலத்தில் சட்டைக் கையைப் பிரித்துத் தைக்கச் சொல்லி இரண்டு பேரும் டெய்லரிடம் ஓடினார்கள்?

"வாரத்துக்கு மூணு நாள் செஞ்சா போதும்னு பிசியோ சொல்றாங்கண்ணா. இவரு ஒரு நாள்கூட ஒழுங்கா செய்ய மாட்டேன்றாரு. இப்படியே வுட்டா கை சூம்பிடுமாம்."

லூர்துராஜின் மனைவி சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூணு நாள் போதும்.

அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது அவர்களுடைய பழைய சண்டை.

ராயபுரத்தில், வலைக் கிடங்குக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஜிம். துருப்பிடித்த பிளேட்டுகள். விரிசல் விட்ட ஒற்றைக் கண்ணாடி, அதன் முன்னால் நிற்க அடிதடி.

உடம்பு ஏற வாரத்துக்கு எவ்வளவு செய்ய வேண்டும்?

நெஞ்சுக்கு இரண்டு நாள், மிச்சத்தைச் சோறும் தூக்கமும் பார்த்துக்கொள்ளும் என்பது அவன் கட்சி. லூர்துராஜ் கட்சி, தினமும். மறுநாள் சட்டைப் பட்டன் போட விரல் மடங்கக் கூடாது, அவ்வளவு வலிக்க வேண்டும்.

"ரெண்டு நாள் செஞ்சா கடைசி வரைக்கும் கோழிக்குஞ்சுதான்டா நீ."

டீக்கடையில் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே அடித்துக்கொள்வார்கள்; ஜிம்மிலும் தொடரும். மழை வந்தால்தான் நிற்கும். அந்தத் தகரத்துக்கு அடியில் யார் பேசினாலும் கேட்காது.

என்ன நாட்கள் அவை. ஒன்றுகூடத் திரும்பி வராது.

அதில் ஒரு சாயங்காலம் அவன் நூறு கிலோ போட்டுப் பெஞ்சில் படுத்தான். ராடு நெஞ்சுக்கு இறங்கியது. பாதி ஏறியது. நின்றுவிட்டது.

தலைமாட்டில் லூர்துராஜ். ராடுக்கு அடியில் விரல்கள். கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினான்.

"தூக்குடா! நான் தொடல! நீதான்!"

ராடு மேலே போனது. ஜிம்மே கைதட்டியது.

வாரம் இரண்டே நாள், நூறு கிலோ. சண்டையில் அவன் ஜெயித்தான். இத்தனை வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டே திரிகிறான். பெண் பார்க்கப் போன வீட்டில்கூடச் சொன்னான்.

"வுடுடா. போச்சு."

லூர்துராஜுக்கு வார்த்தை குழறியது. பாட்டிலிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது.

அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான்.

"இன்னாடா போச்சு? தூக்குடா கோழிக்குஞ்சு!"

முழங்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்தான்.

பாட்டில் எழும்பியது. மேசைக்கு மேலே ஒரு சாண். அங்கேயே நடுங்கியது. இறங்கியது.

"நான் தொடல. நீதான்."

லூர்துராஜ் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். கோணிய வாய் இன்னும் கோணியது. அது சிரிப்பு என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அன்னைக்கு நானும் அப்படித்தான்டா சொன்னேன்."

அடப்பாவி.

நூறு கிலோ. கைதட்டல். பெண் பார்த்த வீட்டில் மாமனார் முகத்தில் தெரிந்த மரியாதை.

அதற்குள் லூர்துராஜின் கை மறுபடி பாட்டிலைப் பிடித்திருந்தது.

"இன்னொண்ணு," என்றான். "விரல எடு."

எடுத்தான்.

எடுத்து, தொடாத தூரத்தில் வைத்துக்கொண்டான்.