சிவப்புச் சேட்டுக்காரன்

“கலியாண வீடியோவில மகளுக்குப் பக்கத்தில நிக்கிற சிவப்புச் சேட்டுக்காரன் இருக்கப்படாது, தம்பி. ஆமிக்காரங்க வீடு வீடாச் சோதிக்க வாறாங்க,” என்றார் இமக்குலேற் ரீச்சர்.

கல்முனையில் புதிய எடிட்டிங் மென்பொருளை முதலில் வாங்கியவன் அல்பேட். “முந்தியெண்டா காட்சியையே வெட்டணும், ரீச்சர். இப்ப ஆளை மட்டும் எடுக்கலாம்.”

ஒவ்வொரு படச்சட்டமாக அந்தச் சிவப்புச் சட்டைக்காரனை அழித்து, அந்த இடத்தில் தேவாலயத் திரைச்சீலையை வரைந்தான். ரீச்சர் புதிய இறுவட்டை மூன்று முறை போட்டுப் பார்த்துத் திருப்தியுற்று, மூல நாடாவைத் தம் கையாலேயே எரித்தார்.

யுத்தம் முடிந்த மறுமாதம் அதே இறுவட்டோடு வந்தார்.

“காணாமல் போனவங்களப் பதியிறாங்க, தம்பி. மகன்ட படம் கேக்கிறாங்க. பழைய படமெல்லாம் கலியாணத்துக்கு முந்தியே சுனாமியோட போயிட்டு. அந்தச் சிவப்புச் சேட்டைத் திரும்பக் கொண்டுவர ஏலாதா?”

அல்பேட் காட்சியை ஓடவிட்டான். மணப்பெண்ணின் பக்கத்தில் திரைச்சீலை மெல்ல அசைந்தது.

“ஒரு தடயமும் இல்ல,” என்றார் ரீச்சர். “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க.”