தொண்டையில் எரிந்த வெளிச்சம்

ஸ்கேனுக்கான மருந்தை ஊசி வழியே உடம்பில் ஏற்றிய நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: ஒரு மணி நேரம் அசையக்கூடாது, பேசக்கூடாது, உழைக்கிற தசையெல்லாம் இந்த மருந்தை இழுத்துக்கொண்டு, ஸ்கேனில் புற்றுநோய் போலவே ஒளிரும். துப்புரவுப் பணியாளர் சங்கத் தலைவி லூர்துமேரி இருபது நிமிடம்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிக் கிழவர் குளிருகிறதென்று போர்வை கேட்டதற்கு, அட்டெண்டர் அவரை வாடா போடா என்று ஏசினான். மிச்ச நாற்பது நிமிடமும் லூர்துமேரி பேசினார். போர்வை வந்தது.

டாக்டர் படத்தைக் காட்டினார். மார்பிலிருந்த கட்டியைவிடத் தொண்டை பிரகாசமாக எரிந்தது.

"இது நோயா, நீங்க பேசுனதான்னு எனக்கே தெரியலம்மா. நாளைக்கு மறுபடி எடுக்கணும். நாளைக்காவது வாயத் தொறக்காம இருப்பீங்களா?"

லூர்துமேரி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"நாளைக்கும் அந்த ஆளுதான் டூட்டியா, டாக்டர்?"