படகில் ஏறாதவர்

"நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கவே இல்லை, மாஸ்டர்."

முதலாளியம்மா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

அந்தக் கம்பெனியின் படகு வீடியோ கேமுக்கு இசை போட்டவர் மாஸ்டர்தான். அந்தப் பாட்டுகளைத் தனியாக விற்கவேண்டும் என்று ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். "விளையாடாம வெறும் பாட்டை யார் கேப்பா? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, வித்துடலாம்" என்பதுதான் அவருக்குக் கிடைத்துவந்த பதில்.

"இதோ அந்த ஒரு ஆள். நாப்பது நாளா தினம் காலைல பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் கேம்ல படகுத்துறையிலேயே நிக்கறாரு. படகுல ஏறவே இல்லை. பாட்டு மட்டும் ஓடுது. யாருன்னு தேடினேன். உங்க வீட்டு கம்ப்யூட்டர்!"

"மேடம், அந்த நேரத்துல நான் இங்கதானே இருக்கேன்?"

"அதான் ஆள் வச்சிருக்கீங்க. அஞ்சு நிமிஷம் பட்டனைத் தொடலைன்னா ஆட்டம் நின்னுடும். யாரோ தொட்டுக்கிட்டே இருக்காங்க. தன் பரீட்சைப் பேப்பரைத் தானே திருத்திக்கிட்ட கதையா இருக்கு!"

மாஸ்டருக்குக் காது மடல் சுட்டது. பகலில் மனைவி வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் இருப்பது, முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வந்து தங்கியிருக்கும் அவளுடைய அண்ணன் மட்டும்தான்.

மச்சானா? "என்ன மாப்ளே, இன்னிக்கு எந்தப் பொம்மைக்குத் தாலாட்டு?" என்று பதினைந்து வருஷமாகக் குத்திக் காட்டுகிறவரா? அந்தக் கேலிதான் உண்மையோ, நாம் போட்டதெல்லாம் வீண்தானோ என்று மாஸ்டர் தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு.

"வாங்க மேடம். மணி பதினொண்ணுதான் ஆகுது, இப்பவே வந்து பாருங்க."

வீட்டுக் கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. மாஸ்டர் ஷூ நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே முதலாளியம்மா உள்ளே போய்விட்டார். படகுத்துறைப் பாட்டு வெளியே வரைக்கும் கேட்டது.

"முட்டி பிசியோவா? உக்காரும்மா. இந்த அடி முடியட்டும்." மச்சான் பாட்டுக்குத் தகுந்தபடி காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

"விளையாடலையா சார்? படகு காத்துக்கிட்டு நிக்குதே?"

"ஏறினா பாட்டு மாறிடும்மா. அதான் கரையிலயே நிக்கறேன். இது இல்லைன்னா என் முட்டி மடங்காது. கேளு, புல்லாங்குழல் வருது பாரு... எங்க மாப்ளே போட்டது!"

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? பதினஞ்சு வருஷமா பொம்மைப் பாட்டுன்னே வாயடிச்சாச்சு."

வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் அவிழ்த்த நாடாவைத் திரும்பக் கட்டினார். இரண்டு எட்டு பின்னால் போய், அப்போதுதான் வந்தவர்போல, தன் வீட்டு மணியைத் தானே அடித்தார்.

உள்ளே பாட்டு சட்டென்று நின்றது.

"என்ன மாப்ளே, நேரத்தோட வந்துட்ட? பொம்மைங்கல்லாம் தூங்கிடுச்சா?"

மாஸ்டர் வழக்கம்போல முகத்தைச் சுளிக்கப் பார்த்தார். முகம் சொன்னபடி கேட்கவில்லை. நெஞ்சு வேறு சட்டைப் பட்டனைத் தெறிக்க வைத்துவிடும்போல் இருந்தது.

முதலாளியம்மா எழுந்தார். இன்னும் பிசியோவாகவே பேசினார்.

"படகு கேமுக்கு மியூசிக் போட்டவர் நீங்கதானா சார்? அந்தப் பாட்டையெல்லாம் தனியா விக்கப் போறாங்களாமே?"

"இவன் பாட்டையா? அதைப் போய் காசு குடுத்து எவன் வாங்குவான்?" என்று சிரித்தார் மச்சான்.

அப்புறம் யார் முகத்தையும் பார்க்காமல், முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"என்னிக்கு வருதாம்?"