எட்டுப் பத்து

தண்டவாள வேலை முடியும்வரை எட்டுப் பத்து வண்டி ரத்து என்று ஸ்டேஷனில் ஒட்டியிருந்தார்கள். டிபன் பாக்ஸும் கையுமாக வந்தவருக்குச் சுருக்கென்றது.

“முப்பது வருஷமா நாங்க நாலு பேரும் இதுலதான் போறோம்,” என்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று நண்பர்களைக் காட்டிக் கவுன்ட்டரில் பொரிந்தார்.

“ஏழரை வண்டியில போங்க சார்.”

“அதுல நிக்கக்கூட இடம் இருக்காது.”

“பஸ் விட்டிருக்கோமே?”

“எதிரெதிரா உக்காந்து பேச முடியாதே தம்பி.”

“மூணு மாசந்தான், பொறுத்துக்கங்க. ஆபீஸ் எத்தனை மணிக்கு?”

“ஆபீஸா? நாலு பேரும் ரிட்டையராகி ஆறு வருஷமாச்சு. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் பேசிக்கிட்டே போவோம். அங்க டிபனைச் சாப்பிட்டுட்டு அடுத்த வண்டியில திரும்பிடுவோம்.”

கவுன்ட்டர்காரர் எழுந்து வெளியே வந்தார். மற்ற மூவரும் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே இன்னொரு பெஞ்சை இழுத்துப் போட்டார்.

“மூணு மாசத்துக்கு இதுல ஏறிக்கங்க சார்.”