பாலவாக்கத்துக்கு ஒரு நல்ல நாள்

ஒரே ஒரு தாளைத்தான் கிழிக்க நினைத்தார் பிரபாகர். ஆணியோடு காலண்டரே கையில் வந்து, கையிலிருந்து நழுவி, கீழே இருந்த இட்லி மாவுக் குண்டானுக்குள் தலைகுப்புற விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஐம்பத்தெட்டு வயதில் திருட்டுத்தனம் செய்யக் கை பழகவில்லை. பதற்றத்தில் காலண்டரை எடுத்து, ஐந்து மணிக்கே போட்டுக்கொண்டு தயாராயிருந்த இஸ்திரிச் சட்டையிலேயே துடைத்தார்.

திட்டம் எளிமையானதுதான். நாளைக்கு அஷ்டமி, வெளியே கிளம்பக் கூடாது என்று கற்பகம் நேற்றே சொல்லிவிட்டாள். இன்றைய தாளைக் கிழித்துவிட்டால் அஷ்டமிக்குச் சாட்சி இருக்காது. முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர் மனைவியிடம் போடுகிற திட்டமா இது என்று கேட்டால், அவரிடம் வேறு திட்டம் இல்லை.

பாலவாக்கத்தில் மகள் காவேரி இருக்கிறாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. பிரபாகர் பேத்தியைப் பார்த்ததெல்லாம் கற்பகத்தின் போனில்தான். கற்பகம் மட்டும் வாரத்தில் இரண்டு நாள், அவர் ஆபீஸுக்குப் போனதும் மயிலாப்பூரில் பஸ் ஏறிப் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்துவிடுகிறாள்.

அவர் வருகிறேன் என்றால்தான் வானத்தில் ஏதாவது கோளாறு. முதல் ஞாயிறு நவமி. அடுத்தது கரிநாள். அப்புறம் அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். போன வாரம் தெற்கே சூலம். இப்படியே ஆறு ஞாயிறு போய், இது ஏழாவது.

பாண்டி பஜாரில் வாங்கிய குட்டித் தொப்பி பீரோவில் கிடந்தது. குழந்தையின் தலை வாரத்துக்கு வாரம் வளர்கிறது. தொப்பி வளர்வதாயில்லை.

தனியாகப் போகலாம்தான், கால் வராது. காவேரி மரியசெல்வத்தைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவர் போகவில்லை. மீன்பிடிக்கிற குடும்பம், சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதிவுத் திருமணம் எட்டாம் தேதி என்றார்கள். ராகு காலத்தில் வீடு குடிபோன மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் எட்டு ஆகாமல் போய்விட்டது. "எட்டு நமக்கு ஆவாதும்மா" என்று மகளிடமே சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா பண்றீங்க அங்க?" கற்பகம் கூந்தலை முடிந்துகொண்டே சமையலறைக்கு வந்தாள்.

"காலண்டர் தானா விழுந்துடுச்சி."

"மாவுலயா?"

"விழறப்ப எடம் பாத்தா விழும்?"

அவள் குண்டானை எட்டிப் பார்த்தாள். "போச்சு, இன்னிக்கு இட்லி இல்ல. அஷ்டமின்னா இப்படித்தான் ஏதாவது ஆவும்."

பிரபாகர் காலண்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தேதிக்குக் கீழே உள்ள பொடி எழுத்தை அவர் வாழ்க்கையில் படித்ததேயில்லை. மாவை வழித்தெடுத்ததில் இன்று அதுதான் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"கற்பகம், இதுல தசமின்னு போட்டிருக்கு. சுபமுகூர்த்த நாளாம்."

"மாவுல நனைஞ்சிருக்கும்."

"மாவுல ஊறுனா அஷ்டமி தசமியாயிடுமா?"

"அது வேற பஞ்சாங்கம். எனக்குத் தெரிஞ்சவங்க பாத்து சொன்னாங்க."

"ஞாயித்துக்கிழமை சூலம் மேற்கேன்னு வேற போட்டிருக்கு. மேற்கே போனா கோடம்பாக்கம்தான் வரும். பாலவாக்கம் எங்க வரும்?"

கற்பகம் குழாயைத் திறந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். பிரபாகர் கூடத்துக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். அடுத்த நடையில் தொப்பியோடு வந்தார்.

"நேரா சொல்லு. நான் அங்க வர்றது அந்தப் பையனுக்குப் புடிக்கல. அதானே?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. 'மாமா இந்த வாரமும் வரலியா அத்தை'ன்னு வாராவாரம் கேக்கறதே அவருதான்."

"அப்ப உனக்குப் புடிக்கல."

"எனக்கின்னா. போன மாசம் நல்ல ராகு காலத்துல மிக்ஸி வாங்கியாந்தேன், நல்லாத்தானே ஓடுது?"

சொன்ன பிறகுதான் கற்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிரபாகர் அவளையே பார்த்தார். நாள் பார்க்காதவள் ஏழு வாரமாக நாள் பார்க்கிறாள்.

"அப்ப யாரும்மா எனக்கு நாள் பாக்கறது? உனக்குத் தெரிஞ்சவங்கன்னியே, அது யாரு?"

குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் தொப்பியைத் தன் முஷ்டியில் மாட்டிப் பார்த்தார். அதற்கே இறுக்கமாக இருந்தது. கழற்ற வராமல் அதை இழுத்துக்கொண்டே, "இதுக்கு மேல தள்ளிப் போட்டா இது பொம்மைக்குக்கூடப் பத்தாது, கற்பகம்" என்றார்.

கற்பகம் குழாயை மூடினாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் முஷ்டியிலிருந்து தொப்பியை மெல்லக் கழற்றி, மாவு படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

"எட்டு தடவை இழுத்தடிக்கச் சொல்லியிருக்கா உங்க பொண்ணு, இன்னும் ஒரு ஞாயிறுதான் பாக்கி."