சிச்சாராவின் காதுகள்

பாம்பா சமவெளியின் மாலை வெயில் போலோ மைதானத்துப் புல்லில் சாய்ந்து கிடக்கிறது. இன்றைய ஆட்டத்தின் சிறந்த குதிரை சிச்சாரா. அதன் வியர்த்த முதுகில் பரிசுப் போர்வையைப் போர்த்தி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் முதலாளியின் மகள் பிலார். கிளப்பின் நூறாண்டுப் படங்கள் தொங்கும் சுவரில் இந்தப் படம் ஏறப்போகிறது. குதிரையின் பெயரையும் பிடித்து நிற்பவரின் பெயரையும்தான் அடியில் எழுதுவார்கள். மூன்று வருஷம் உதை வாங்கிச் சிச்சாராவைப் பழக்கிய நெலிடா, கேமராவுக்குப் பின்னால், மாத்தே என்னும் கசப்புத் தேநீர்க் குவளையோடு நிற்கிறாள். பிலாரின் வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை. பார்க்கப் பார்க்க நெலிடாவுக்கு வயிறு எரிகிறது.

"காது படுத்திருக்கே. நிமிர்ந்தாத்தான் படம் அழகா இருக்கும்," என்கிறார் படக்காரர்.

பிலார் நாக்கைச் சொடுக்குகிறாள். குதிரை அசையவில்லை.

"நெலிடா, ஒரு விசில் அடிடி. நீ அடிச்சாத்தான் இது காதைத் தூக்கும்."

"அது இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"வெயில் போகுதுடி."

"வாய்ல மாத்தே இருக்கு," என்று உறிஞ்சுகுழலை உதட்டில் வைக்கிறாள் நெலிடா. ஆறிப்போன கசப்பை அவசரமே இல்லாமல், குழல் கரகரக்கும்வரை உறிஞ்சுகிறாள். கேமரா சொடுக்குகிறது. காதுகளைப் பின்னால் மடக்கி, பக்கத்தில் நிற்பவளைப் பிடிக்காத முகத்தோடு, சிச்சாரா சுவருக்குப் போகிறது.