கறுப்பு அங்கிக்காரர்

சந்தையில் கட்சிக் குடையின் கீழ் நின்றிருந்த லூடர்ஸ் ஒரு பேனாவை நீட்டினார். தோர்பென் அதை இடது கையால் வாங்கிக்கொண்டான். வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

லூடர்ஸுக்குப் பின்னால் அவருடைய படமே சிரித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடம் நீதிபதி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டு விழுந்தால் மாநில சட்டமன்ற உறுப்பினர்.

"என்னய்யா, பேனா குடுத்தே ஜெயிச்சிடுவீங்களா?" பக்கத்துக் கடையில் சாசேஜ் வறுத்துக்கொண்டே கெர்டா கத்தினாள். "மழையில வெறைச்சிப் போயிட்டீங்க, சூடா ஒண்ணு தின்னுங்க!"

வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். தோர்பென் சிரிக்கவில்லை.

"என்னை ஞாபகம் இருக்கா ஐயா? மர ஆலைக்கு நெருப்பு வச்சேன்னு நாலு வருஷம் உள்ள போட்டீங்க. நான் இல்லன்னு அழுதேன்."

"இருக்கு."

"போன மாசம் ஆலை முதலாளியோட மகனே, நான்தான் வச்சேன்னு போலீஸ்ல ஒத்துக்கிட்டான். அதைக் கேக்க எங்கம்மா உயிரோட இல்ல."

கருகும் வாடை வந்தது. கெர்டா சாசேஜைத் திருப்பிப் போடவில்லை.

"தீர்ப்பு வாசிக்கிறப்ப உங்க கறுப்பு அங்கியையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். உங்க கூட உக்காந்து, உங்களுக்குச் சமமா ஓட்டுப் போட்டுத் தீர்ப்புச் சொன்ன ரெண்டு ஊர்க்காரங்க மூஞ்சிகூட மனசுல நிக்கல." தோர்பென் இன்னும் நெருங்கினான். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான்தான் வச்சேன்னு நீங்க நம்பினீங்களா?"

லூடர்ஸ் மீதிப் பேனாக்களைக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"தீர்ப்புக்கு முன்னாடி உள்ளறையில நாங்க மூணு பேரும் பேசினதைச் சாகுற வரைக்கும் நான் வெளிய சொல்லக்கூடாது, தோர்பென். சட்டம் அப்படி."

"சாகுற வரைக்கும்தானே?"

கை பைக்குள்ளிருந்து வெளியே வந்தது. மீன் அறுக்கும் கத்தி.

குடையைச் சுற்றி நின்ற கூட்டம் சிதறியது. லூடர்ஸ் மட்டும் நகரவில்லை. உதடுகள் வெளுத்துப்போய், குடைக்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கெர்டா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். கத்திக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"அவரை விட்டுடு தம்பி... உன்னை விடுதலை பண்ணச் சொல்லி அவர் எங்ககிட்ட மன்றாடுனாரு, அன்னிக்கு அவர் பக்கத்துல உக்காந்து, ஒண்ணுக்கு ரெண்டு ஓட்டால அவரைத் தோக்கடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தி நான்."